ஆனி ஆடியிலும் அணையாத விளக்கு: தூண்டில் வளைவு முனைக்கு அலை மின்கருவி, நன்கொடை வேண்டுகோள்

அன்பான ஊர் மக்களுக்கும், வளைகுடாவிலும் வெளியூர்களிலும் இருக்கும் நம் உறவுகளுக்கும் வணக்கம்.

போன ஆடியில் ஒரு விடியற்காலை, கரை திரும்பிய ஃபைபர் வள்ளம் ஒன்று நம் தூண்டில் வளைவின் (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்சுவரின்) முனைக் கல்லில் மோதி, அதன் அணியம் (முன்பகுதி) பிளந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள், ஆண்டவருக்கு நன்றி. வள்ளமும் இன்ஜினும் வலையும் போயின. முனையில் இருக்கும் சோலார் விளக்கு அன்று எரியவில்லை. மூன்று நாளாக மழை மூட்டம். இரவு பத்து மணிக்கே பேட்டரி தீர்ந்துவிட்டது.

சோலார் விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனி, ஆடியில் நம் கரையில் வெயில் குறையும், அலை ஓங்கும். விளக்கு மிகவும் தேவைப்படும் மாதங்களும் அவைதாம். அப்படியென்றால் அந்த அலையையே விளக்கெரிக்க வைக்கலாமே என்று தொடங்கியதுதான் இந்த வேலை.

இது புதிய யோசனையும் இல்லை, தூரத்து யோசனையும் இல்லை. நாம் மீன் கொண்டுபோகும் விழிஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரிலேயே 1991இல் சென்னை ஐஐடி 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஒன்றை அமைத்தது. கான்கிரீட் அறைக்குள் அலை புகுந்து ஏறும்போது காற்றை வெளியே தள்ளும், இறங்கும்போது உள்ளே இழுக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுற்றும் வெல்ஸ் டர்பைனை அதில் வைத்திருந்தார்கள். நம் பெரியவர்கள் பலர் அதைப் பார்த்திருக்கிறார்கள். இப்போது அது இயங்கவில்லை. 2022 நவம்பரில் அதே ஐஐடி, தூத்துக்குடிக்கு 6 கிலோமீட்டர் வெளியே, சுமார் 20 மீட்டர் ஆழத்தில் 'சிந்துஜா-1' என்ற மிதவைக் கருவியை இறக்கிச் சோதித்தது.

அவ்வளவு பெரிதாக நமக்கு வேண்டாம். சராசரியாக 20 வாட் கிடைத்தால் போதும். ஒரு நாளைக்கு 480 வாட்-மணி ஆகிறது. 10 வாட் எல்இடி விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிய 120 போதும். மிச்சத்தில் வயர்லெஸ் செட்டுகளுக்கும் போன்களுக்கும் சார்ஜ் போடலாம். 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது ஊரில் கரண்ட் இல்லாமல், போனும் செத்துப்போய், கடலில் இருப்பவர்களைப் பற்றி ஒரு தகவலும் தெரியாமல் நாம் கரையில் நின்றோமே, அதை மனதில் வைத்துத்தான் இதையும் சேர்த்தோம்.

முதல் மாதிரியை நம் ஊர் ஐடிஐ பிள்ளைகள் செய்தார்கள். நீல நிற பிளாஸ்டிக் டிரம் மிதவை, கீல் போட்ட இரும்புக் கை, கயிறு, பழைய சைக்கிள் ஃப்ரீவீல், ஒரு சின்ன காந்த ஜெனரேட்டர். அலை தூக்கும்போது ஃப்ரீவீல் பிடித்துச் சுற்றும். இறங்கும்போது கிர்ர்ரென்று சும்மா ஓடும். முதல் இரவு பல்ப் எரிந்தபோது முனையில் நின்ற எல்லோருக்கும் வார்த்தை வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஃப்ரீவீல் துருவேறி இறுகிவிட்டது. அன்று இரவே பெரிய அலை வந்து இரும்புக் கையை முறுக்கிப் போட்டது. தவறு எங்களுடையதுதான். உப்புக் காற்றுக்கு ஏற்ற இரும்பு வாங்கப் பணம் போதவில்லை; கடல் கொந்தளித்தால் மிதவையைத் தூக்கி வைக்க வழியும் செய்யவில்லை. 2016இல் ஜிப்ரால்டரில் பழைய இறங்குதுறை ஒன்றில் இதே போன்ற மிதவைகளைப் பொருத்தினார்கள். கடல் மோசமானால் அவற்றைத் தண்ணீருக்கு மேலே உயர்த்திவிடலாம். நமது புதிய கருவியில் கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் வின்ச் ஒன்றை அதற்காகவே சேர்த்திருக்கிறோம்.

இந்த முறை சட்டமும் கையும் துருப்பிடிக்காத எஸ்.எஸ். இரும்பில், 70,000 ரூபாய். கடலுக்கென்று செய்த ஜெனரேட்டரும் பேரிங்குகளும் 45,000. லித்தியம் பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், கேபிள், விளக்கு எல்லாம் சேர்த்து 50,000. வின்சுக்கும் பொருத்தும் செலவுக்கும் 35,000. மிதவையை நம் வள்ளம் கட்டும் யார்டிலேயே கூலி வாங்காமல் செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு வேண்டிய ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் (விரிப்பும்) வாங்க 10,000 கொடுத்தால் சரி. ஆக மொத்தம் 2,10,000. இதுவரை சேர்ந்தது 62,000. முதல் மாதிரிக்கு ஆன 18,400 ரூபாயைக் குழுவினரே போட்டுக்கொண்டோம்; அது இந்தக் கணக்கில் வராது.

நூறு ரூபாயானாலும் கொடுங்கள். வள்ளக்காரர்கள் நல்ல மீன்பாடு கிடைத்த ஒரு நாளின் வருமானத்தை இதற்கென்று ஒதுக்கினால் பெரிய உதவி. பணம் தர முடியாதவர்கள் பொருத்தும் நாளில் கல் மேல் ஏறிக் கை கொடுக்க வாருங்கள், அதுவும் வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் சமூக நலக்கூடத்தில் பொருளாளர் இருப்பார். ரசீது இல்லாமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவை மாதம் ஒருமுறை நலக்கூடத்தின் வாசலில் ஒட்டுவோம்.

தூண்டில் வளைவு அரசுடையது என்பதால் அனுமதி கேட்டு எழுத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். அது கைக்கு வராமல் ஒரு போல்ட்டும் அடிக்க மாட்டோம். கிடைக்காமலே போனால் ரசீதைக் காட்டி அவரவர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கிடைத்தால் வைகாசி முடிவதற்குள் பொருத்தியாக வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் அந்த முனையில் நின்று ஸ்பானர் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
அலை விளக்குக் குழுவினர்