கணக்கைக் கையில் கொடுக்கும் முன்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தையல் கூடம் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டு.

கணக்கையும் வரியையும் பார்த்துக்கொள்ள அருகிலேயே ஒருவரை அமர்த்தலாமா என்று கேட்டிருந்தாய். உடனே அமர்த்து. ஆனால் நான் முதலில் செய்ததுபோல் செய்யாதே. மூன்று ஆண்டுகளுக்கு முன் உன்னிடம் அவசரமாகப் பணம் கேட்டேனே, எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தாய். அதற்கான காரணத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

வரி தாக்கல் செய்யும் கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஒரு பை நிறைய ரசீதுகளை ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். அங்கிருந்தவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் படிவத்தை நீட்டினார், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு நோட்டீஸ் வந்தது. கடனுக்குக் கட்டிய தவணை முழுவதையும் செலவாக எழுதியிருந்தார். வட்டி மட்டும்தான் செலவு. அசலைத் திருப்பிக் கொடுப்பது செலவாகாது. வீட்டுக்காக எடுத்த பணமும் தொழில் செலவில் கலந்திருந்தது. விளக்கம் கேட்கப் போனால் கதவில் பூட்டு. வரி தாக்கல் செய்யும் மாதங்களில் மட்டும் திறக்கும் இடமாம் அது. கையெழுத்து என்னுடையது, ஆகவே பாக்கி வரி, வட்டி, அபராதம் மூன்றும் என் தலையில். நீ கொடுத்த பணம் அங்கேதான் போனது.

இப்போது என் கணக்கைப் பார்க்கும் அம்மையார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். முதல் நாள் அவர் ரசீதுகளைத் தொடவே இல்லை. "இன்றைய தேதியில் உங்களிடம் என்ன இருக்கிறது, யார் உங்களுக்குத் தர வேண்டும், நீங்கள் யாருக்குத் தர வேண்டும், எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்ற துறவி, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியபோது அவரும் வணிகனை முதலில் இப்படி ஒரு பட்டியல் எழுதத்தான் சொன்னாராம். அந்தப் பட்டியலை எழுத எனக்கு மூன்று இரவு பிடித்தது. என் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு ஒரு நாள் பட்டறைக்கு நேரில் வந்தார். பழைய பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இந்த அறுவை இயந்திரம் எங்கே?" என்றார். அதை விற்று வெகுநாளாகியிருந்தது. கணக்கில் மட்டும் ஆண்டுதோறும் தேய்மானம், அதாவது பொருள் பழசாவதால் குறையும் மதிப்பு, செலவாக ஓடிக்கொண்டிருந்தது. அருகில் இருப்பவரைத் தேடு என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் என் குறிப்பேட்டுக்கும் வங்கி இருப்புக்கும் 270 வித்தியாசம் வந்தது. "9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே பென்சில் நுனியால் வரிவரியாக இறங்கினார். 630 என்று இருக்க வேண்டிய இடத்தில் நான் 360 என்று எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து 52, 25 என்று போட்டுப் பார்த்தேன். 91, 19 என்றும் பார்த்தேன். எப்படிக் கழித்தாலும் 9இன் மடங்குதான் வருகிறது! இப்படித் தேடிப் பிடிக்கும் பொறுமை உள்ளவரிடம்தான் கணக்கை ஒப்படைக்க வேண்டும்.

மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை உதவி போதும். உனக்குப் போதாது. மாதாமாதம் கணக்கு எழுதி வங்கியோடு சரிபார்க்க ஆள் வேண்டும். வாடிக்கையாளரிடம் நீ வாங்கும் விற்பனை வரியும், சம்பளத்தில் பிடித்த வரியும் உன் கையில் இருந்தாலும் உன் பணம் அல்ல. அவற்றைத் தனிக் கணக்கில் போட்டு வை. சிறு தொழில் செய்கிறவர்கள் அவசரத்துக்கு அந்தப் பணத்தில் கைவைத்துவிட்டுத் தவிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

திரும்பக் கிடைக்கும் வரியில் இவ்வளவு பங்கு எனக்கு என்று எவராவது கூலி பேசினால் எழுந்து வந்துவிடு. இல்லாத செலவைக் காட்டினால் அவருக்கு லாபம், மாட்டிக்கொள்வது நீ. கட்டணத்தை வேலைக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்கு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். திரும்பி வரும் பணம் உன் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். தகுதிச் சான்று கேட்பதில் கூச்சப்படாதே. நோட்டீஸ் வந்தால் நீங்களே பதில் எழுதுவீர்களா என்று தெளிவாகக் கேள். கணக்கு எழுதுகிறவரிடம் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தைக் கொடுக்காதே, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

பளபளப்பான வெப்பத்தாள் ரசீதுகளைப் பையிலேயே வைத்திருக்கிறாயா? எழுத்து மங்கிவிடும், இன்றிரவே படம் எடுத்து வை.

பட்டியலை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. உனக்கு வர வேண்டியது என்ற பக்கத்தில் என் பெயரையும் எழுது. நீ கொடுத்ததில் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது, இந்த மாதக் கடைசியில் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
முத்து