ஒரு துண்டுச் சீட்டுக்கு எங்கள் தெருவின் நன்றி

மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டுக் கண்காணிப்புக் குழுவினர் அனைவருக்கும், காட்பாடியில் எங்கள் தெருவாசிகள் சார்பில் வணக்கம்.

இந்தக் கோடை முழுவதும் தெருநாய்ப் பிரச்சினையால் எங்கள் தெரு பட்ட பாட்டை அக்கம்பக்கத்தார் அனைவரும் அறிவர். அதை மீண்டும் எழுதிப் புண்ணைக் கீற விரும்பவில்லை. நாய் பிடிக்கும் வண்டியில் சென்ற எங்கள் தெருநாய்கள் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்து, காதில் அடையாள வெட்டுடன் நேற்று திரும்பிவிட்டன. அந்த நிம்மதி ஆறும் முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

குழுவில் பொதுமக்கள் சார்பில் இடம்பெற்றுள்ள, பணி ஓய்வு பெற்ற அந்த ஆசிரியை அம்மாவுக்கே முதல் நன்றி. நாய் பிடிக்கும் வண்டி வந்த காலையில், பழைய நாட்காட்டித் தாள்களை நறுக்கிக் கட்டிய சிறு கட்டுடனும் ஒரு கார்பன் தாளுடனும் அவர் வந்தார். வலையில் விழுந்த ஒவ்வொரு நாய்க்கும் அது எங்கே படுக்கும், யார் வாசலில் சோறு தின்னும் என்று விசாரித்து, “செவலைப் பெட்டை, ரேஷன் கடைத் திண்ணை”, “கறுப்பு, தண்ணீர்த் தொட்டியடி” என்று எழுதி, ஒரு சீட்டைக் கூண்டில் கட்டி, அதன் படியைப் பூக்கார அக்காவிடம் கொடுத்தார். அந்த நாய்களுக்கு நெடுங்காலமாகச் சோறிட்டு வரும் அக்கா, கொண்டுபோனால் திரும்ப விடமாட்டார்கள் என்று வண்டியை மறித்து நின்றவர். அவருக்குச் சட்டம் சொன்னவர்கள் உண்டு, அதட்டியவர்களும் உண்டு; கையில் எழுதிக் கொடுத்தவர் அதுவரை ஒருவருமில்லை. பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே அவர் வழிவிட்டார்.

பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளில் உள்ளதுதான். ஆயினும் நடைமுறையில் ‘அதே இடம்’ என்பது ‘அதே வார்டு’ என்று எளிதாக நீண்டுவிடும். தெருமுனையில் மொத்தமாக இறக்கிவிட்டால், வேறொரு நாய்க் கூட்டத்தின் எல்லைக்குள் விழுந்த நாய் கடிபடும் அல்லது கடிக்கும். காலியான இடத்துக்குக் கருத்தடை ஆகாத புது நாய் வந்து சேரும். சினையானால் ஏறத்தாழ 63 நாட்களில் குட்டி போடும் உயிர் அது. செலவழித்த பணமும் உழைப்பும் ஓராண்டுக்குள் வீணாகிவிடும். சீட்டு இருந்ததனால் ஓட்டுநர் ஒவ்வொரு நாயையும் அதனதன் இடத்தில் இறக்கினார். குழு தானாக நாய் பிடிப்பதில்லை, அறுவைச் சிகிச்சையும் செய்வதில்லை. கூடிப் பேசிக் கலையும் குழுக்களை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். அதனால்தான், கூட்டத்தில் எடுத்த முடிவு தெருவில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வெயிலில் வந்து நின்ற ஒரு உறுப்பினர் எங்களுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்.

அறுவைச் சிகிச்சை செய்த கால்நடை மருத்துவர்களுக்கும், பால் குடிக்கும் குட்டிகள் இருந்த தாயைத் தொடாமல் விட்டுச் சென்ற வலைக்காரர்களுக்கும், நாய்களைப் பிடிக்கச் சொன்னவர்கள், பிடிக்க விடாதவர்கள் என இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிய மாமன்ற உறுப்பினருக்கும், அத்தனை பேருக்கும் தேநீர் தந்து காசு வாங்க மறுத்த கடைக்காரருக்கும் எங்கள் நன்றி உரியது.

தெருநாய் பெருகுகிறது என்று நாம் குறைசொல்லும்போது, வீட்டு நாய் போட்ட குட்டிகளைச் சாக்கில் கட்டிப் பாலாற்றங்கரையில் விட்டுவருவதைப் பேசுவதில்லை. வளர்ப்பு நாயின் கருத்தடையும் தடுப்பூசியும் வளர்ப்பவர் பொறுப்பு என்று அதே விதிகள் கூறுகின்றன. எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் வீட்டார் அனைவரும் வரும் பொங்கலுக்குள் அதை முடித்துவிடுவதாக ஒப்புக்கொண்டுள்ளோம். அம்மாவின் சீட்டுகளைப் பார்த்து ஒரு நோட்டும் தொடங்கியிருக்கிறோம்; தெருவுக்குப் புதிதாக நாய் வந்தாலும், விட்டுவைத்த தாயின் குட்டிகள் பால்குடி மறந்தாலும் அதில் எழுதிக் குழுவுக்குத் தெரிவிப்போம். நோட்டு தேநீர்க் கடையில் இருக்கும். குழுவினர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில் ஒருவர்,
காட்பாடி