புதிய மருந்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய பொதுநல மருத்துவர்களுக்கும் தோல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். என் மேல்முதுகிலும் கைகளின் வெளிப்புறத்திலும் வட்டவட்டமாகச் சிவந்தது. ஓரம் தடித்துச் செதில் உதிர, நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் படர்தாமரை என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவரும் அதையே சொல்லி டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரை எழுதினார். சில வாரங்களில் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முதுகு முழுக்கப் பரவின. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே எரிந்தது. முகத்தில் மட்டும் எதுவும் வரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர், "புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. பிரஷர் மாத்திரை தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது எனக்கு எப்படிப் புதுசாகும்? நெஞ்செரிச்சலுக்கு நானே கடையில் வாங்கிப் போட்ட ஒமெப்ரசோலை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மூன்றாமவர் வேறு மாதிரி. "வீட்டில் இருக்கிற அட்டை எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார். மேசையில் கொட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிரஷர் மாத்திரை அட்டையின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். டெல்மிசார்டன், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு. அந்த இரண்டாவது பெயரில் அவர் பார்வை நின்றது. பயாப்சியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்த பிறகு பெயர் தெரிந்தது: சப்அக்யூட் வகைத் தோல் லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோய். அதோடு சேர்ந்து வரும் ஆன்ட்டி ரோ என்ற எதிர்ப்பொருளும் ரத்தத்தில் பாசிட்டிவ்.

ஹைட்ரோகுளோரோதயசைடுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1985லேயே மருத்துவ இதழில் பதிவானது. அதன்பின் டில்டியாசெம், நிஃபெடிபின் என்ற பிரஷர் மருந்துகள், ஒமெப்ரசோல் வகை அமில மாத்திரைகள், மூட்டுவாதம் போன்றவற்றுக்குப் போடும் டி.என்.எஃப். எதிர்ப்பு ஊசிகள், சில புற்றுநோய் மருந்துகள் என்று பட்டியல் நீண்டது. எனக்குக் கொடுத்த டெர்பினாஃபினும் அதில் உண்டு! ஸ்வீடனில் 2012ல் வெளியான ஆய்வு, இந்த வகை லூபஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மருந்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றது. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை. ஆனால் நோயாளியிடம் கேட்கும் கேள்வியில் இது வருவதில்லை.

சாதாரண மருந்து அலர்ஜி பெரும்பாலும் நாள்கணக்கில் வரும். இது வாரங்கள், மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்து வரும். "புதுசா?" என்ற ஒரு சொல்லிலேயே எங்கள் பதில் தப்பிவிடுகிறது. இன்னொன்று: ரத்தத்தில் ஹிஸ்டோன் எதிர்ப்பொருள் என்ற ஒன்று இல்லாததால் மருந்து காரணமில்லை என்று என்னிடம் ஒருவர் சொன்னார். ஹைட்ரலசின், புரோகைனமைடு போன்ற பிரஷர், இதய மருந்துகளால் மூட்டுவலி, காய்ச்சலோடு வரும் லூபஸுக்கு அந்தப் பரிசோதனை உதவும். தோலோடு நிற்கும் இந்த வகையில் பலருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். பயாப்சியும் மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. ஆக, மிச்சம் இருப்பது மருந்துப் பட்டியல்தான்.

அதனால் அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கடையில் நாங்களாக வாங்குவதையும் கேளுங்கள். வட்டத்தைக் கண்டதும் பூஞ்சை மாத்திரை எழுதுமுன் செதிலைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள். ஐந்து நிமிட வேலை. சந்தேகம் வந்தால், மாத்திரையை எழுதிய மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள். "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று எங்களிடம் மட்டும் சொன்னால், பயந்துபோய் பிரஷர் மாத்திரையை மாற்றுக்கூட இல்லாமல் விட்டுவிடுவோம்.

எனக்கு அந்தப் பிரஷர் மாத்திரை, ஒமெப்ரசோல், டெர்பினாஃபின் மூன்றையும் நிறுத்தி, பிரஷருக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் சிவப்பு அடங்கியது. தழும்பு இல்லை, வெளிறிய வட்டங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. மூன்றில் எது தொடங்கிவைத்தது, எது கூட்டியது என்று சொல்ல முடியாது, திரும்பச் சாப்பிட்டுப் பார்க்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு, ஒமெப்ரசோல், டெர்பினாஃபின் என்று மூன்று பெயர்களையும், கம்பெனிப் பெயராக இல்லாமல் மருந்துப் பெயராகவே, என் கோப்பின் முதல் பக்கத்தில் அந்த மருத்துவர் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களிடம் வருபவர்களுக்கும் அப்படி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளி