செயலாளரின் ஆண்டறிக்கை: சீரியல் இணைப்பில் தொலையும் தரவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே!

மட்டக்களப்பில் பழைய கணினிகளைப் பழுதுபார்த்துப் பாவனையில் வைத்திருக்கும் நமது சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் வாங்கும் சீரியல் போர்ட் வழியே வரும் தரவு இடையில் தொலைந்துபோகும் கோளாறே இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பகுதியைக் கேட்டது என்பதால், அதையே விரிவாகக் கூறுகிறேன்.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலையொன்றில், லொறி நிற்கும் எடைமேடையிலிருந்து 486 ரகப் பழைய கணினிக்கு இடைவிடாது வரும் எடை சிலவேளை ஓர் இலக்கம் குறைந்து பதிவாகியது. தராசில் 12480 கிலோ என்றிருக்க, திரையில் 1280 என்று நின்றது. நெல் கொண்டுவந்தவருக்கு அது கூலியும் உழைப்பும் சம்பந்தப்பட்ட விடயம். நாம் கேபிளை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. வன்தட்டின் சிவப்பு விளக்கு மினுங்கும் கணத்திலேயே இலக்கம் விழுகிறது என்பதை நம் இளம் அங்கத்தவர் ஒருவர் கவனித்த பிறகுதான் வழி தெரிந்தது. சீரியல் போர்ட்டை இயக்கும் சிப்பின் நிலைப் பதிவேட்டில் ஓவர்ரன் பிழை, அதாவது முந்திய எழுத்தை எடுக்குமுன் அடுத்தது வந்துவிடும் பிழை, பதிவாகியிருந்தது. எழுத்தின் முடிவு உரிய இடத்தில் இல்லாததைக் காட்டும் ஃபிரேமிங் பிழை ஒன்றுமில்லை. அதாவது, எழுத்துகள் கணினி வரை பழுதின்றி வந்து, எடுக்க ஆளில்லாமல் அழிந்திருக்கின்றன.

அட்டையில் இருந்த 8250 சிப் வந்துசேர்ந்த ஒரேயொரு பைட்டையே வைத்திருக்கும். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன். வன்தட்டில் எழுதும் வேளையில் இன்டர்ரப்ட் (பைட்டை எடுக்கும்படி சிப் செயலிக்கு விடுக்கும் அழைப்பு) அதற்குமேல் தடைப்பட்டால் அடுத்த எழுத்து முந்தியதை அழித்துவிடும். வேகத்தை 2400 ஆகக் குறைத்ததும் இழப்பு குறைந்தது. பின்னர் 16 பைட் ஃபிஃபோ (வந்த வரிசையிலேயே பைட்டுகளை வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) கொண்ட 16550ஏ அட்டையைப் பூட்டினோம். முதல் நாள் அதுவும் உதவவில்லை; அந்த ஃபிஃபோ தானாக இயங்காது, நிரல்தான் அதை இயக்கவேண்டும். ஆலையின் நிரலுக்குரிய மூலக்குறி கைவசம் இருந்ததால் அதைத் திருத்தினோம். அதன்பின் ஓர் இலக்கமும் தவறவில்லை.

கல்லடியில் பார்த்த இயந்திரத்தின் கதை வேறு. கடற்காற்றில் 9 பின் சீரியல் இணைப்பியின் 5ஆம் பின்னில் (தரைக் கம்பிக்குரியது) பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அங்கு ஃபிரேமிங் பிழையே மிகுந்தது, துடைத்ததும் தீர்ந்தது. மூன்று கம்பிக் கேபிளில், அனுப்புவதா நிறுத்துவதா என்று சைகை காட்டும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் இணைப்பு இல்லாதபடியால் அந்தக் கட்டுப்பாட்டைத் தெரிவுசெய்வதில் பொருளில்லை என்பதையும் அங்கத்தவர்கள் மனதிற்கொள்ள வேண்டுகிறேன். தொடர்க, நிறுத்துக என்ற குறிகளைத் தரவுக் கம்பியிலேயே அனுப்பும் எக்ஸ்ஆன், எக்ஸ்ஆஃப் முறை எழுத்துக் கோப்புகளுக்குப் போதும்; பைனரிக் கோப்பில் அக்குறிகளுக்குரிய 17, 19 என்ற பெறுமதிகள் தரவாகவே வரக்கூடும் என்பதால் அது ஆகாது.

தீராத ஒன்று மிஞ்சியுள்ளது. நமது பயிற்சி அறைக் கணினியில் கொம்1 என்ற சீரியல் போர்ட்டில் மவுஸும் கொம்3இல் மோடமும் ஒரே 4ஆம் இன்டர்ரப்டைப் பகிர்வதால் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோடம் அட்டையின் ஜம்பரை 5ஆம் இலக்கத்துக்கு மாற்றும் வேலை அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்