நடுவிலானுக்கு ஒரு கடிதம்

கல்லடி, மட்டக்களப்பு,
டிசம்பர் 3

மச்சான்,

உயிரோடுதான் இருக்கிறேன். நீ அனுப்பிய மூன்று மெசேஜுக்கும் கும்பிடுகிற கையை மட்டும் திருப்பி அனுப்பினேன். நாலாவதில் ‘செத்திட்டியாடா?’ என்று கேட்டிருந்தாய். முக்கால்வாசி. இப்போது இரவு இரண்டே கால். கரண்ட் இல்லை. தோளில் கைப்பிள்ளை ஒன்று ஏவறை, அதுதான் ஏப்பம், விட மாட்டேன் என்று கிடக்கிறது, மற்றக் கையால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை கண்டால் இறால் வாத்தியாரைப் போலச் சிவப்பில் சுழிக்காதே.

மூன்றாவதும் பெண் என்பது உனக்குத் தெரியும். 2 கிலோ 900 கிராம். தாயும் பிள்ளையும் சுகம். காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசியும் போட்டு, பெண் பிள்ளைகளுக்கான ரோஸ் கலர் சுகாதாரக் கார்ட்டையும் கையில் தந்து, இரண்டாம் நாளே வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். அலுமாரியில் இப்போது மூன்று ரோஸ் கார்ட் அடுக்கி இருக்கிறது.

பஞ்சாங்கம் மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணக்கைத் தொடங்கிவிட்டார். “மூணும் பொம்பிளப் பிள்ள. அப்ப மூணு வீடு கட்டணும் தம்பி.” பெண்சாதியின் சீதன வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டு நான் என்ன மறுத்துச் சொல்ல? மூத்தவளுக்கு இந்த வீடு, நாங்கள் பின்வளவுக்குப் போவோம். அடுத்தவளுக்குப் பின்வளவு, நாங்கள் கோழிக்கூட்டுக்குப் போவோம். மூன்றாமவளுக்குக் கோழிகளிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். மனிசன் சிரிக்கவே இல்லை. “குறிப்பு எழுதியாச்சா?” என்று கேட்டார்.

மழை வேறு. நவம்பர் முழுக்க ஊற்றித் தள்ளியது. வாவி வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டுவார்களா மாட்டார்களா என்று ஊரெல்லாம் கதை; எங்கள் வீட்டில் நப்கின் காயுமா காயாதா என்பதுதான் கதை. மாமிக்கு, பெண்சாதியின் தாய்க்கு, பம்பஸ் என்ற சொல்லே ஆகாது. குசினிக்குள் கயிறு கட்டி, ஒவ்வொரு துணியாக அடுப்புச் சூட்டில் காய வைக்கிறா. 31ஆம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும்வரை இந்த வீட்டில் மாமியின் ஆட்சிதான். பெண்சாதிக்கு மூன்று வேளையும் மருந்துச் சாமான் அரைத்த சரக்குத் தண்ணி, உள்ளி (பூண்டு), பால்சுறா மீன். தனியாக இன்னொரு கறி வைக்க யாருக்கு நேரம்? எனக்கும் அதேதான். இன்னும் ஒரு கிழமை இப்படிப் போனால் எனக்கும் பால் சுரக்கும்.

லீவைக் கேள். அவளுக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். தகப்பன் என்று எனக்குக் கிடைத்தது 3 நாள். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் போனது, ஒரு நாள் சரக்குச் சாமான் தேடிப் போனது, மூன்றாம் நாள் எங்கே போனது என்றே தெரியவில்லை. மறுகா பழையபடி பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு விடைத்தாளில் தலை வைத்து நித்திரையாகி, எழும்பிப் பார்த்தால் ஒரு பெடியனின் பதிலில் என் எச்சில் வாணி வடிந்து கிடக்கிறது. பாவம் என்று இரண்டு புள்ளி கூடப் போட்டுவிட்டேன்.

சரி, இதைச் சொல்லவா நித்திரையை விட்டு எழுதுகிறேன்? உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆக்களில் நீதான் அசல் நடுவிலான், நடுவில் பிறந்தவன். ஆறாம் வகுப்பு முடியும்வரை உன் பெயரே அதுதான் என்று கட்டையன் நினைத்திருந்தான். உன் அம்மா மதிலுக்கு மேலால் எட்டிக் கூப்பிடுவாவே, “நடுவிலான், சோறு ஆறுது” என்று, அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. உனக்கு அது எப்படி இருந்தது என்று நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் கேட்கவில்லை, என்ன?

எங்கள் இரண்டாமவளுக்கு மூன்றரை வயது. வீட்டில் அவள் பெயர் சின்னவள். பிறப்புப் பதிவில் இருக்கிற பெயர் பாலர் பாடசாலை டீச்சருக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. பிள்ளை வரப்போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தோம். கிளினிக்குக்கும் கூட்டிப் போனோம். தாயின் வயிற்றில் வாயை வைத்து, “கெதியா வா, எண்ட சைக்கிள் தாறன்” என்று சொன்ன பிள்ளைதான் இவள்.

ஆனால் ஆஸ்பத்திரி வாட்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடவில்லை. இரண்டு நாள் தாயைக் காணவில்லை. பிறந்து அதுவரை ஓர் இரவுகூடத் தாயை விட்டுப் படுத்தவள் இல்லை. மூன்றாம் நாள் ஓட்டோ வந்து நிற்கிறது, மாமி குரவை போடுகிறா, பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாளாம். தாய் இறங்கும்போது அவள் இரண்டு கையிலும் வேறொரு பிள்ளை. எனக்கு இதெல்லாம் மூத்தவள் பிறகு சொல்லித்தான் தெரியும். நான் ஓட்டோக்காரருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம். இவள் வளவுக்குள் சேற்றில் விளையாடுகிறாள். உள்ளே புதுசு வீரிட்டு அழுகிறது. மாமி குசினியில் இருந்து கத்துகிறா: “சின்னவள் அழுறாள், ஆராவது பாருங்க!” இவள் சேற்றுக் கையோடு ஓடி வந்து அறை வாசலில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, “நான் அழல்லயே” என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். மாமிக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. “நீ இனிச் சின்னவள் இல்லடி, நீ அக்கா, பெரிய பிள்ள” என்றா. நானும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னா. அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வளவுக்குப் போய்விட்டாள்.

அன்று இரவு பாயில் மூத்திரம். ஒரு வருஷமாக இல்லாத பழக்கம். அடுத்த நாள் போத்தில் வேண்டும் என்றாள். மழலையே இல்லாமல் கதைத்தவள் “ங்கா ங்கா” என்கிறாள். சின்னவள் என்று கூப்பிட்டாலும் வரமாட்டாள், அக்கா என்றாலும் வரமாட்டாள். மூத்தவள் ஒரு பக்கம் எட்டு வயதில் மாமியாகிவிட்டாள். பிள்ளை எத்தனை தரம் பால் குடித்தது என்று கொப்பியில் கோடு போட்டு எழுதுகிறாள், எனக்கே உத்தரவு போடுகிறாள். ஒருத்தி ஒரேயடியாக வளர, மற்றவள் பின்னுக்குப் போகிறாள்.

முதல் கிழமை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தா. பிள்ளையின் தொப்புளைப் பார்த்து, பால் குடிக்கிற விதத்தைப் பார்த்து, கார்ட்டில் எழுதி முடித்து எழும்பும்போது இவள் போய் அவவின் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “எழுதி முடிஞ்சா? அப்ப கொண்டு போங்க.” கார்ட்டை இல்லை மச்சான், பிள்ளையை. மிஸ் சிரிக்கவில்லை. குந்தியிருந்து, “அடுத்த முறை பெரிய பேக் கொண்டு வாறன்” என்றா. அதற்கு இவள் அன்றைக்கு முதல் தரமாகச் சிரித்தாள்.

இதுவரை பகிடி. இனி எழுதப்போவதை யாருக்கும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள். பெண்சாதி இலை அவித்த சுடுதண்ணியில் வேது வைத்துக் குளிக்கப் போயிருந்தாள். மாமி தண்ணி கலக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றா. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். போன் அடித்தது, எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன். இரண்டு நிமிஷம் இருக்காது. திரும்பிப் போனால், இவள் பாயில் குந்தியிருந்து பிள்ளையின் வாய்க்குள் பிஸ்கட் துண்டொன்றை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு முகம் சிவந்து ஓங்காளிக்கிறது. பாய்ந்து போய்க் குப்புறப் பிடித்து, துண்டு வெளியே வந்து, பிள்ளை கத்தின பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிரோடு இவளுக்கு அடித்தேன். தொடையில், இரண்டு தரம். நான் பிள்ளைகளுக்குக் கை நீட்டுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அப்பா செய்ததெல்லாம் என்னோடு முடியட்டும் என்று உனக்குக் கல்லடிப் பாலத்தில் வைத்துச் சொன்னவன் நான்.

அவள் அழவில்லை. கையில் மிச்சம் இருந்த பாதி பிஸ்கட்டை என்னிடம் நீட்டினாள். “பசிக்குதாம். என்ட பாதிதான் குடுத்தன்.”

பிஸ்கட் என்றால் அவள் யாருக்கும் கொடுக்க மாட்டாள், மச்சான். மூத்தவளுக்கே கொடுக்க மாட்டாள்.

மிஸ் அடுத்த முறை வந்தபோது அடித்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. இந்த வயதில் பிள்ளைகள் இப்படிப் பின்னுக்குப் போவது வழமைதான், போத்தில் கேட்டால் இரண்டு நாள் கொடுத்துப் பாருங்கள், தானாக விட்டுவிடும் என்றா. பாயை நனைத்தால் ஒருவரும் முகம் சுளிக்காதீர்கள். பால் கொடுக்கிற நேரம்தான் அவளுக்கு ஆகப் பொல்லாத நேரம், அந்த நேரம் தாயின் மற்றப் பக்கத்தில் அவளை இருத்திக் கதை சொல்லுங்கள். நாளைக்குப் பத்து நிமிஷம் தகப்பன் அவளோடு மட்டும் இருக்க வேண்டும், போன் இல்லாமல். அந்தப் ‘போன் இல்லாமல்’ என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தா. எது எப்படி இருந்தாலும் பச்சைப் பிள்ளையையும் இவளையும் தனிய விட்டுவிட்டுப் போக வேண்டாம், அது அவளுடைய பிழை ஆகாது, உங்களுடைய பிழை என்றா. போகும்போது, “பெரிய பிள்ள, பெரிய பிள்ள என்று சொல்றத நிப்பாட்டுங்க சேர். மூணு வயசு பெரிய வயசில்ல” என்றா.

அன்றிலிருந்து பின்னேரம் இரண்டு பேரும் வாவிக் கரைக்குப் போகிறோம், மழை விட்டால். தோணிகளை எண்ணுகிறோம். அவளுக்கு ஏழுக்குப் பிறகு பதினொன்று. மாமிக்கும் சொல்லிவிட்டேன், அவளுடைய பட்டத்தை எடுத்து மற்றதற்குச் சூட்ட வேண்டாம் என்று. “பேருக்கு என்னடா தம்பி, பேரு” என்றா. இருந்தாலும் இரண்டு நாளாகப் புதுசைக் குஞ்சு என்கிறா. பாய் நனைவது நிற்கவில்லை. நேற்றும் நனைந்தது.

நீ சொல். உன் தம்பி பிறந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன்னை யாரும் என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்? பகிடியாகப் பதில் எழுதாதே, ஒரு தரம் ஒழுங்காகச் சொல்.

பார்சல் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம். வருகிற சனமெல்லாம் பேபி சோப்பும் பவுடரும் கொண்டு வந்து கொட்டுகிறது, கடை போடலாம். இவள் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்து மூடி வைக்கிறாள். அனுப்புவதென்றால் நடுவிலாளுக்கு ஏதாவது அனுப்பு, பெட்டியில் அவள் பெயரைப் பெரிதாக எழுது. மூத்தவளுக்கு ஒரு கொப்பி போதும், கோடு போட.

சனிக்கிழமை எடு. எடுத்ததும் ‘பிள்ளையைக் காட்டு’ என்று தொடங்காதே, முதலில் இவளைக் கேள். ஆனால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அன்று காலையில் மெசேஜ் போடுகிறேன். சின்னவளும் வேண்டாம் அக்காவும் வேண்டாம் என்று இப்போது தானே பெயர் வைத்துக்கொள்கிறாள். திங்கள் ‘மிஸ்’. நேற்று ‘ஓட்டோக்காரர்’. அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஏவறை வந்துவிட்டது. சட்டையிலும்தான்.

உன்
மச்சான்