எங்கள் வீட்டின் கறுப்புப் பலகைகள்

ரேனர்ஸ் லேன், லண்டன்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அப்போது வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். கீழே இருந்த சாமான் முழுக்க மாடி அறைக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்து எழுத ஒரு மேசை மூலைகூட இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் கடைசிக் குழாயையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று காலை காபி போட்டுக்கொண்டு, புது அடுப்படியில் உட்கார்ந்து உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

பேத்தி பிறந்த செய்தியைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! விடுதியில் ஒரே கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு விடிய விடியப் பேசிய நாம் இரண்டு பேரும் பாட்டியாகிவிட்டோம். குழந்தைக்குத் தலை நின்றதும் ஒரு படம் அனுப்பு. உன் முழங்காலைப் பற்றி ஒரே வரியில் எழுதி நிறுத்திவிட்டாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுத வேண்டும்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "தொண்ணூறு வருஷத்து வீட்டுக்கு இத்தனை செலவா? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே?" என்று எழுதியிருந்தாய். பணக் கணக்கில் நீ சொல்வது தப்பில்லை. இந்த நாட்டில் புது வீடு கட்டினால் கட்டுமானத்துக்கு வாட் வரி கிடையாது. பழைய வீட்டைச் செப்பனிட்டால் பெரும்பாலான வேலைக்கு 20 சதவீதம் கட்ட வேண்டும். பழையதைக் காப்பாற்றுகிறவர்களிடம் கூடுதலாக வாங்குவது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் எங்கள் வீட்டை இடிக்க முடியாது. ஏனென்றால் இது பாதி வீடு.

இங்கே இதைச் செமி என்பார்கள். ஒரு பெரிய வீட்டை நடுவில் பிளந்த மாதிரி இரண்டு வீடுகள். நடுச்சுவர் இரண்டுக்கும் பொது. முகப்பில் இருக்கிற இரண்டு முக்கோணங்களும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று எதிர்ச்சாயல். அந்த முக்கோணங்களில் வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புப் பலகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். நான் முன்பு அனுப்பிய படத்தைப் பார்த்து நீ "ராஜா காலத்து வீடா?" என்று கேட்டாய். இல்லை. டியூடர் அரசர்கள் ஆண்டது 1485 முதல் 1603 வரை. எங்கள் வீடு கட்டியது 1934-ல். டியூடர் காலத்து வீடுகளின் தோற்றத்தை எடுத்துச் செங்கல் வீட்டின்மேல் போர்த்தியிருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் ரயில்தான். மெட்ரோபாலிட்டன் ரயில்வே லண்டனுக்கு வடமேற்கே பாதை போட்டு, பாதையோரத்து நிலங்களில் வீடுகள் எழும்ப வழி செய்தது. அந்தப் பகுதிக்கு 1915-ல் 'மெட்ரோலாண்ட்' என்று பெயர் சூட்டியதும் அவர்களின் விளம்பரப் பிரிவுதான். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 40 லட்சம் வீடுகள் கட்டினார்கள். புகைமூட்டமான நகரத்தில் வாடகை அறையில் இருந்த குமாஸ்தாவுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் ஒரு தோட்டம், ஒரு கேட், தன் பெயரில் ஒரு கதவு. கிராமத்துப் பழைய வீட்டின் சாயல் முகப்பில் இருந்தால் மனசுக்கு இதமாக இருந்திருக்கும். கட்டடக் கலைஞர்களில் பலர் இதைப் போலி என்று திட்டினார்கள். இன்றும் திட்டுகிறார்கள். நான் இந்த வீட்டில் 22 வருஷம் வாழ்ந்துவிட்டேன். அந்த ஏச்சு எனக்கு வலிக்கிறது.

அப்புறம், பலகை பொய் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். சாரம் கட்டிய மூன்றாம் நாள் தச்சர் ஒரு பலகையைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து காட்டினார். ஒரு அங்குல கனம்தான். மேல் விளிம்பில் மழைத்தண்ணீர் தங்கித் தங்கி ஊறியதில், விரலால் அழுத்தினால் ரொட்டி மாதிரி உள்ளே போனது. பின்னால் வெறும் பூச்சு, அதற்குப் பின்னால் செங்கல். அந்தப் பலகை எதையும் தாங்கவில்லை, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிஜமான டியூடர் வீட்டில் மரம்தான் வீடு. ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்து, துளையும் நாக்குமாகச் செதுக்கிப் பொருத்தி, மரமுளை அடித்து இறுக்குவார்கள். மரம் காயக் காய முறுக்கிக்கொண்டு மூட்டுகள் இன்னும் இறுகும். சட்டங்களுக்கு நடுவில் குச்சிகளை வரிச்சாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். உன் பாட்டி ஊரில் மாட்டுக்கொட்டகைக்கு மூங்கில் வரிச்சில் மண் அப்பியிருந்ததே, அதே வேலைதான். செஷயரில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்று ஒரு வீடு இருக்கிறது. 1500-களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது. பிற்பாடு உச்சியில் ஒரு நீளமான கூடத்தைச் சேர்த்தார்கள். அதன் பாரத்தில் கீழ்ச்சட்டங்கள் வளைந்து, வீடே நெளிந்து நிற்கிறது. எந்த வளைவையும் நேராக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எதிரே நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இதை எல்லாம் பார்த்த பிறகு எங்கள் பலகைகளை என்ன செய்வது என்று ராத்திரி ராத்திரியாக யோசித்தேன். மகன் ஒரு யோசனை சொன்னான். பலகைகளை எடுத்துவிட்டு, முகப்பை ஒரே வழவழப்பாகப் பூசி, ஜன்னல்களுக்குக் கருஞ்சாம்பல் நிற அலுமினியச் சட்டம் போடலாம் என்றான். எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் அப்படி மாறிவிட்டன. தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒட்டிய பாதி பழையபடி நிற்கும்போது பார், யாரோ பாதி முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

எங்கள் மறுபாதியில் இருக்கும் அம்மாவுக்கு 86 வயது. அந்த வீட்டிலேயே பிறந்தவர். பொதுச் சுவரில் இரும்பு விட்டம் பொருத்துவதற்கு, 1996-ம் வருஷத்துச் சட்டப்படி இரண்டு மாதம் முன்னதாக அவருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போனேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "முன்பக்கம் என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பழைய பலகையின் அளவிலேயே புது மரம் அறுக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் பலகை மலிவு, அழுகாது என்று எல்லோரும் சொன்னார்கள், மனம் ஒப்பவில்லை. மேல் விளிம்பைச் சரிவாகச் சீவி, தண்ணீர் தங்காமல் வழியும்படி செய்திருக்கிறார் தச்சர். நிறம் கறுப்புதான். இதில் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சஃபோக்கில் லாவன்ஹம் என்ற ஊருக்குப் போயிருந்தோம். கம்பளித் துணி வியாபாரத்தில் செழித்த ஊர், தெருத்தெருவாக நிஜமான பழைய மரவீடுகள். அங்கே ஓக் சட்டங்கள் வெயிலும் மழையும் பட்டு வெள்ளிச் சாம்பலாக இருக்கின்றன. பல வீடுகளில் மரத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டும் வழக்கம் பெருமளவில் பரவியது விக்டோரியா காலத்தில்தான். ஆக, டியூடர் வீட்டுக்குக் கறுப்பு பின்னால் வந்த பூச்சு. எங்கள் வீட்டுக்கோ அது பிறவி நிறம். கறுப்பாகவே பிறந்த வீடு கறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுப் பலகைகளுக்கும் அதே டப்பாவிலிருந்து அடித்துக் கொடுத்தோம்.

மாடிப்படி ஜன்னலில் வண்ணக் கண்ணாடியில் பாய்மரக் கப்பல் ஒன்று இருக்கிறது, நினைவிருக்கிறதா? ஈயக்கம்பி வளைந்து, காற்றடித்தால் கடகடவென்று ஆடும். அதை மொத்தமாகக் கழற்றி, ஈயத்தைச் சரிசெய்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து மூடிவிட்டார்கள். இப்போது குளிர் வருவதில்லை, கப்பலும் போகவில்லை. எங்கள் செலவில் நான் துளியும் வருந்தாத பகுதி இதுதான். பக்கத்து வீட்டிலும் இதே கப்பல், எதிர்த்திசையில் போகிறது.

பின்பக்கத்தில் தயங்கவே இல்லை. அடுப்படிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து இரும்பு விட்டம் கொடுத்தோம். பின்னால் மூன்று மீட்டர் நீட்டினோம். செமி வீட்டில் பின்பக்கம் ஒரே தளமாக அந்த அளவு நீட்ட, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால், தனித் திட்ட அனுமதி வேண்டாம். கூரையில் ஒரு கண்ணாடி. தாளிக்கிற புகை நேராக வெளியே போகப் பெரிய குழாய். கிரைண்டருக்குக் குனியாமல் மாவு அள்ளும் உயரத்தில் ஒரு மேடை. பரணில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குப் பஞ்சு விரித்தாயிற்று. கூரைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று முதலில் சோதிக்கச் சொன்னதால் வேலை இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதில் அவசரப்படக் கூடாது.

ஆனால் எனக்குப் பெரிய பாடம் தரைக்கு அடியில்தான் கிடைத்தது. முன்னறையில் நாலு வருஷமாக ஓத வாடை. ஒரு கம்பெனி ஆள் வந்து, சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார். நல்லவேளை, வேலை தொடங்கும் முன் வேறொரு பெரியவர், கட்டட ஆய்வாளர், வந்து பார்த்தார். வாசலில் நின்று பத்து நிமிஷம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காலத்து வீடுகளில் முன்னறைத் தரை மரப்பலகை, அடியில் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குக் காற்றுப் போகச் சுவரின் அடியில் துளை போட்ட செங்கல்கள் வைத்திருப்பார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கார் நிறுத்த முன்தோட்டத்தை மூடிக் கல் பாவினோமே, அதைப் பாவியவர்கள் தரையை உயர்த்தி அந்தத் துளைகளை அடைத்துவிட்டார்கள். ஓதம் ஏறாமல் தடுக்கச் சுவரில் போட்டிருந்த டி.பி.சி. வரியும் மண்ணுக்குள் போய்விட்டது. வெளித்தரை அந்த வரிக்கு 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டுமாம். பலகையைத் தூக்கிப் பார்த்தபோது கட்டைகளின் முனைகள் உளுத்திருந்தன. வீடு இத்தனை வருஷமாக மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது, நான் ஊதுவத்தி ஏற்றி வாடையை மறைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு சங்கடப்படுகிறது.

கல்லை எல்லாம் பெயர்த்து, தரையை இறக்கி, பாதி இடத்தில் திரும்ப மண் கொட்டி லாவண்டர் வைத்திருக்கிறோம். துளைகள் திறந்துவிட்டன. வாடை ஆறு வாரத்தில் போயிற்று. ரசாயனம் ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவது உனக்காகத்தான். தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவர் பொரிந்து விழுகிறது, சிமெண்ட் வைத்துப் பூசப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. அது சுண்ணாம்புக் காரைச் சுவர். சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று, பூச்சோடு செங்கலையும் உப்பரித்துத் தள்ளும். இங்கேயும் நிஜமான டியூடர் வீடுகளில் இதே தவற்றைச் செய்தார்கள். சட்டங்களைச் சுற்றிச் சிமெண்ட் பூசியதில், நானூறு வருஷம் தாங்கிய ஓக் மரம் அழுகிப்போனது. இப்போது அதைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

உங்கள் தெருவில் கோயில் மதில் வேலை பார்த்த வயதான கொத்தனார் இன்னும் இருக்கிறாரா? அவரைக் கூப்பிட்டு, திண்ணையின் ஈசான மூலையில் ஒரு கையகலம் மட்டும் பெயர்த்துப் பார்க்கச் சொல். முதலில் வெளியே தெருவை எவ்வளவு உயர்த்திப் போட்டிருக்கிறார்கள் என்றும் பார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுது. நான் அந்த ஆய்வாளரிடமும் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை சிமெண்ட் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி