அப்பாவின் வேலைச் சட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீட்டுக்காரர், தீபாவளிக்குள் சமையலறையைப் பெரிதாக்க வேண்டும் என்று பின்பக்கக் கூரையைக் கழற்றினார். உடைத்தார் என்பதுதான் சரி. இரண்டு இளைஞர்கள் மேலே ஏறி, பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கீழே தள்ளினார்கள். தூசு எங்கள் துணிக்கொடிவரை வந்தது. போய்ச் சொன்னபோது, "அண்ணே, முப்பது வருசமா இதுக்குக் கீழதானே சோறாக்குறோம், என்ன ஆச்சு?" என்று சிரித்தார்.

அவர் கேட்டதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சிமெண்டோடு இறுகி, உதிராமல் தலைக்கு மேல் கிடக்கும்வரை அந்த ஷீட்டால் பெரிய தொல்லை இல்லை. அறுத்தால், துளை போட்டால், உடைத்தால்தான் உள்ளே இருக்கும் அஸ்பெஸ்டாஸ் நார் காற்றில் கலக்கும். அதன் பலன் என்ன என்பதை நான் தெரிந்துகொண்டது என் அம்மாவால்.

அப்பா 1968 முதல் 1981 வரை பட்டர்வொர்த் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நீராவிக் குழாய்களின் சூடு வெளியேறாமல் இருக்க, வெள்ளையாக ஒன்றைக் குழைத்துப் பூசித் துணி சுற்றுவது அவர் வேலை. அந்தப் பூச்சில் இருந்ததும் அஸ்பெஸ்டாஸ்தான். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போது அவர் புருவம்கூட வெளுத்திருக்கும். மாவு மில்லிலிருந்து வருகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். அம்மா அந்தச் சட்டையை வாங்கி, பின்வாசல் படியில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் வாளியில் ஊறப்போடுவார். வீட்டுக்குள் தூசு வரக்கூடாதாம்.

அப்பா 1994இல் மாரடைப்பில் போனார். அம்மாவுக்கு 2016இல், 71 வயதில், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. வலது விலாவில் வலி. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று மூன்று தடவை எடுத்தார்கள். காசநோயோ என்று பார்த்தார்கள். சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். அம்மா வெற்றிலைகூடப் போட்டதில்லை. கடைசியில் நுரையீரலை மூடியிருக்கும் உறையிலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் மீசோதீலியோமா என்ற பெயர் வந்தது. அந்த உறையில் வரும் புற்றுநோய் அது. அப்போது ஓர் இளம் டாக்டர் என்னிடம், "உங்க அப்பா என்ன வேலை செஞ்சார்?" என்றார். ஏழு மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது.

அவரே பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய், சில அந்த உறையையும் எட்டிவிடும். உடம்பின் காவல் செல்கள் அதை விழுங்கப் பார்க்கும். நார் அவற்றைவிட நீளம், விழுங்க முடியாது. மீன் முள் தொண்டையில் சிக்கிய மாதிரி. அந்த இடம் ஆறாமல் வருடக்கணக்கில் அழன்றுகொண்டே இருக்கும். செல்களின் மரபணுவில் பழுது சேர்ந்துகொண்டே போகும். புற்றாக வெளியே தெரிய 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். புகைப்பழக்கத்தால் இந்த நோய் வருவதில்லை. (அஸ்பெஸ்டாஸோடு சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்று பல மடங்கு கூடும். அது வேறு கதை.)

இது ஏதோ எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் இதே நோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் அஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாமல், அதன் பக்கத்தில் குடியிருந்தவர்களும் உண்டு. 1965இல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ப்சன் இருவரும் செய்த ஆய்வில், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த மனைவிமார் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். அப்பா வேலைக்குச் சேர்வதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே அச்சில் வந்த விஷயம்.

அம்மா 2017இல் போய்விட்டார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ தொழில்நோய்க்கு இழப்பீடு தருகிறது, ஆனால் சந்தா கட்டிய தொழிலாளிக்கு. அம்மா வேலைக்குப் போனவரா என்ன? சட்டை துவைத்தவர்தானே.

வயதானவர் யாருக்காவது காரணம் தெரியாமல் நெஞ்சில் நீர் கோத்தால், நாற்பது வருடத்துக்கு முன் அவரும், அவர் துணைவரும், பெற்றோரும் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். பட்டறை, பிரேக் வேலை, பழைய கட்டடம் உடைத்தது, எதையும் விடாதீர்கள்.

கூரை உடைத்த பையன்கள் அன்று அதே டீ சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள். அதை யார் உதறித் துவைத்தார்களோ. மறுநாள் நான் மறுபடி போய் நின்றதில், மிச்ச ஷீட்டுகளைத் தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கினார்கள். அந்த மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி. ஆனால் முதல் நாள் உடைந்த சில்லுகள் ஆறு சாக்கில் பின் சந்தில் கிடக்கின்றன. நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிகளில் அஸ்பெஸ்டாஸ் தூசும் நாரும் அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. ஆனால் இந்த ஆறு சாக்கை யார் வந்து எடுப்பார்கள் என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறது. பினாங்கில் சாதாரண வீட்டுக்காரர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று விசாரித்து, உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டம் கட்டிப் போட்டால் உதவியாக இருக்கும். சாக்கு வாயைக் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்